நானூறு பேருக்கு ஒரே கடிதம்

அருள், ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கடைசில எந்த சர்வீஸ் எடுத்தீங்கம்மா?" என்று கேட்டாய். "எல்லாம் நல்லாப் போகுது, நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. போனை வைத்த பிறகு உன் அப்பா, அவன் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்கிறாயே என்றார். வாயால் சொல்ல வராததை எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். எழுதும்போதும் குழப்பமாகத்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். தெரிந்ததில் ஒன்று தவறாகத் தெரிந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

பாலக்கரை வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு தையல் மெஷின்களோடு நாம் நடத்துகிற தொழில் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சர்ச்சில் சாமியார்கள் பூசைக்கு உடுத்தும் அங்கிகளும் பீடத்துணிகளும் தைக்கிறோம். நம் வாடிக்கையாளர்கள் தெருவில் போகிறவர்கள் இல்லை. எங்கோ ஒரு மலையடிவாரப் பங்குக் கோவிலில் ஒரு சாமியார், எங்கோ ஒரு மடத்தில் ஒரு சிஸ்டர், வெளிநாட்டில் படிக்கப் போன நம்மூர்க் குருமாணவர் ஒருவர். அவர்களை எட்டிப் பிடிக்க ஈமெயில்தான் வழி என்று நீ கல்லூரி முடித்து வந்த முதல் வருடமே சொன்னாய். பழைய ஆர்டர் நோட்டுகளைப் புரட்டி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் செய்து, "உங்களுக்கு மெயில் அனுப்பலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் சேர்த்து அந்தப் பட்டியலைக் கட்டினாய். நானூறு சொச்சம் பேர். அதற்கு உனக்கு எட்டு மாதம் பிடித்தது. நாலு நாள் வேலைக்கு இவன் எட்டு மாதம் எடுக்கிறானே என்று நான் காதர் பாயிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இருபது வருடமாக நம்மிடம் எம்ப்ராய்டரி செய்கிற அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என்னை உட்கார வைத்து, இத்தனை பேருக்கு அனுப்ப நம் சாதாரண மெயில் பெட்டி ஆகாது, அதற்கென்று சர்வீஸ்கள் இருக்கின்றன, அவற்றில் பல வகை உண்டு, நமக்கு எது பொருந்தும் என்று நிதானமாகப் பார்த்து எடுப்போம் என்று நீ விளக்கினாய். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனதில் ஓடியது வெள்ளை அங்கிக்கு வந்திருந்த உள்துணியின் சாயம் போகுமா போகாதா என்பதுதான். நீ சொன்னதில் "நிதானமாக" என்பது மட்டும் காதில் விழுந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நவம்பரில் நடந்தது இதுதான். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் மந்தமாக இருந்தன. நீ ஏதோ சான்றிதழ் வாங்க வெளியூரில் உள்ள உன் கல்லூரிக்குப் போயிருந்தாய். உன் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது, மெயில் பெட்டியும் திறந்திருந்தது. நான் உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் அங்கிகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்று நாலு வரி தட்டி, உன் பட்டியலில் இருந்த முகவரிகளை அப்படியே அள்ளி மேலே இருந்த கட்டத்தில் போட்டு அனுப்பினேன். யாருக்கு அனுப்பினோம் என்பது எல்லோருக்கும் தெரியும்படி போகும் என்று எனக்குத் தெரியாது. அரை மணியில் ஒரு சாமியார், போன வருடம் நம்மிடம் வாங்கிய அங்கியின் உள்துணி முதல் சலவையிலேயே சுருங்கிவிட்டது என்று பதில் எழுதினார். அந்தப் பதிலும் நானூறு பேருக்கும் போனது. எங்களுக்கும் அப்படித்தான் என்று இன்னொருவர் எழுதினார். பிறகு என் பெயரை எடுங்கள், என் பெயரை எடுங்கள் என்று வரிசையாக வந்தன. ஒரு மடத்திலிருந்து மதர் போன் செய்து, எங்கள் முகவரியை யாரைக் கேட்டு ஊருக்கெல்லாம் காட்டினீர்கள் என்று கேட்டார்.

நீ மாலையில் வந்தபோது, காதர் பாய், மெஷினில் இருந்த மூன்று பெண்கள், ஆர்டரை ரத்து செய்ய நேரில் வந்திருந்த ஒரு சிஸ்டர், எல்லோரும் இருந்தார்கள். நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இந்த மெயிலு கியிலு எல்லாம் நீ ஆரம்பிச்சதுதானே. இப்பப் பாரு, இருந்த பேரும் போச்சு" என்றேன். உன் பெட்டியிலிருந்து போனதால் நீயே அனுப்பினாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவிட்டேன். நீ என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு உட்கார்ந்து, எடுக்கச் சொன்னவர்களின் பெயரை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்தாய். அதற்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் ஒருவரிடமாவது, அனுப்பியது அம்மா என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜனவரியில் ஹைதராபாத் வேலை வந்ததும் நீ கிளம்பினாய். ஜங்ஷனில் ரயில் நகரும்போது, "அந்த லிஸ்ட்டை மட்டும் பத்திரமா வச்சுக்கங்கம்மா, யாரு கேட்டாலும் கொடுத்துடாதீங்க" என்றாய். நல்ல சம்பளம், நல்ல கம்பெனி, அதனால்தான் போகிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை.

நீ போன பிறகு, எந்த வகை சர்வீஸ் என்ற கேள்வி என் தலையில் விழுந்தது. தில்லை நகரில் ஒரு ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரு சின்னப் பெண் சிரித்த முகத்தோடு பேசினாள். நாங்கள் எதையும் எழுத வேண்டாம், அனுப்ப வேண்டாம், எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இந்தியா முழுக்க உள்ள கோவில்கள், மடங்கள், பள்ளிகள் என்று ஒரு லட்சம் முகவரிகள் அவர்களிடமே இருக்கின்றனவாம். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. திரும்பி வந்து காதர் பாயிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்த லட்சம் பேருக்கும் நம்மளத் தெரியுமாக்கா?" என்றார். தெரியாது என்றேன். அவர் துணியை இழுத்து வைத்துத் தைக்க ஆரம்பித்தார். எனக்கு மட்டும் நீ எட்டு மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஆபீசுக்கு மறுபடி போகவில்லை.

பிறகு உன் அப்பாதான் ரங்கராஜன் சாரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். கைலாசபுரம் பாய்லர் பிளான்ட்டில் இருவரும் ஒரே செக்ஷனில் இருந்தவர்கள். ரிட்டயர் ஆனபின் ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி வீட்டிலிருந்தே துளசிமாலை, திருமண் பெட்டி என்று வெளிநாட்டு பக்தர்களுக்கு அனுப்புகிறார். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போனேன். மாமி காபி கொடுத்தார். சர்ச் அங்கி விற்பதற்கு ரங்கநாதர் கோவில் வாசலில் ஆலோசனை கேட்கிறேனே என்று எனக்கே கொஞ்சம் கூச்சம். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஏகாதசி என்றைக்கு, உற்சவம் என்றைக்கு, மாலை புதிதாக வந்திருக்கிறதா, அவ்வளவுதான் அவர் எழுதுவது.

"என்னோடது ஒரே லெட்டர். எல்லாருக்கும் ஒரே நாள்ல போறது. அதுக்குச் சின்ன சர்வீஸ் போதும். இன்னொரு வகை இருக்கு, யார் எப்போ வாங்கினா, எப்போ வாங்காம விட்டான்னு அதுவே பாத்துண்டு அதுவே லெட்டர் போடும். ஆர்டர் வந்துடுத்து, பார்சல் போயிடுத்துன்னு ரசீது மாதிரி அனுப்பறது தனி. நீங்க யாருக்கு, என்ன, எத்தனை தடவை சொல்லப்போறேள்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்கோ. அப்புறம் வகை தானா தெரிஞ்சுடும்" என்றார்.

இன்னும் ஒரு விஷயத்தைக் கேட்டேன். சிலர் ஆள் கணக்குக்குக் கட்டணம் கேட்கிறார்கள், சிலர் அனுப்பும் கடிதக் கணக்குக்குக் கேட்கிறார்கள், எது நல்லது என்று. வருடத்துக்கு நாலு தடவை எழுதுகிறவருக்கு ஆள் கணக்கு நஷ்டம், வாரம் தவறாமல் எழுதுகிறவருக்குக் கடிதக் கணக்கு நஷ்டம் என்றார். நான் எத்தனை தடவை எழுதுவேன் என்று எனக்கே தெரியாதே. ராஜகோபுரத்தைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்து வரும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. காவிரிப் பாலம் ஏறும்போது எல்லாம் கலங்கிவிட்டது. அவருடையது சின்னத் தொழில், நம்முடையதில் நாலு பேர் சம்பளம் வாங்குகிறார்கள், அப்படியானால் நமக்குப் பெரிய வகைதான் வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர் முதலில் முடிவு செய்யச் சொன்ன மூன்றையும் நான் முடிவு செய்யவே இல்லை.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டு முறை எண்ணை எடுத்தேன். அவனை விரட்டிவிட்டு இப்போது உதவி கேட்பதா என்று வைத்துவிட்டேன். தானாகப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரிய வகையையே எடுத்தேன். ஒரு மாதம் இலவசம். பட்டியலையும் பழைய ஆர்டர் விவரங்களையும் அதில் ஏற்றினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அது ஏதாவது யோசனை சொல்லும், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். சமையலறையில் கேஸை மூடினோமா என்று பத்து தடவை பார்க்கிறவள் நான். அங்கே ஒன்றைக்கூட நின்று படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, எடமலைப்பட்டி புதூரிலிருந்து லூர்தக்கா போன் செய்தார். சவரி சாமியின் அக்கா. சவரி சாமியை உனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒற்றை மெஷினோடு தொடங்கியபோது உப்பிலியபுரம் பக்கத்துச் சின்னப் பங்கில் இருந்துகொண்டு முதல் ஆர்டர் கொடுத்தவர். போன வருடம் அவர் இறந்தபோது, அடக்கத்துக்கு உடுத்திய அங்கியை நானே உட்கார்ந்து தைத்தேன். அதற்கான ஆர்டரும் அவர் முகவரியிலிருந்துதான் வந்திருந்தது, அக்கா அனுப்பியது. நம் நோட்டில் அவருடைய கடைசி ஆர்டர் அதுதான்.

"தம்பிக்கு ஒரு மெயில் வந்திருக்கும்மா. நீங்கதான் அனுப்புனீங்களா?" என்றார் அக்கா. என்ன மெயில் என்றேன். அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அன்புள்ள ஃபாதர் சவரிநாதன், உங்களைக் கண்டு ஒரு வருடமாகிவிட்டது, எங்களை மறந்துவிட்டீர்களா, கடைசியாக வாங்கிய அங்கி எப்படி இருக்கிறது, மீண்டும் வாருங்கள், உங்களுக்காக ஒரு சிறப்புத் தள்ளுபடி காத்திருக்கிறது. கீழே நம் கடையின் பெயர். அக்கா, நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போகும்போது பஸ்ஸில் நான் என்னவெல்லாமோ தயார் செய்துகொண்டேன். மெஷின் செய்தது, எனக்குத் தெரியாது, கம்பெனிக்காரர்கள் தப்பு என்று. எதைச் சொன்னாலும் அது நவம்பரில் நான் உன்மேல் பழி போட்டது போலவே இருந்தது. அக்கா கதவைத் திறந்ததும், "தப்பு என்னுதுக்கா, படிக்காம டிக் போட்டுட்டேன்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. உன்னிடம் ஏன் அது வரவில்லை என்று அந்த வாசலிலேயே நின்று யோசித்தேன்.

அக்காவுக்குக் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. தம்பியின் போனை அவர் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். முதலில் நிறைய வந்துகொண்டிருந்ததாம், பிறகு ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்களாம். இரண்டு மாதமாக எதுவுமே வரவில்லையாம். அந்த நேரத்தில்தான் நம் மெயில் வந்திருக்கிறது. படித்ததும் முதலில் அழுகை வந்ததாகவும், பிறகு இன்னொரு முறை படித்ததாகவும் சொன்னார். உடனே அவர் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்துடாதீங்க" என்றார். சரி, உங்கள் பெயருக்கே அனுப்பட்டுமா என்று கேட்டேன். "என் பேருக்கு வந்தா அது விளம்பரம்மா. அவன் பேருக்கு வந்தா அது கடுதாசி. தள்ளுபடி கிள்ளுபடி எல்லாம் போடாம, நீங்க எப்படி இருக்கீங்கன்னு எழுதுங்க. நான் படிச்சுக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த சர்வீஸின் உதவிப் பக்கத்தைப் பார்த்தால், உயிரோடு இல்லாத முகவரிகளை உடனே நீக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் கடிதங்கள் குப்பைப் பெட்டிக்குப் போகும் என்று எழுதியிருக்கிறது. முகவரி உயிரோடு இருக்கிறது, ஆள் இல்லை, படிக்கிறவர் இருக்கிறார். இதற்கு அவர்களிடம் கட்டம் எதுவும் இல்லை. ரங்கராஜன் சாருக்கு போன் செய்து கேட்டேன். "அடியேனுக்கும் தெரியலை. ஆனா அந்த அம்மா கேட்டு வாங்கிண்டிருக்கா, நீங்களா திணிக்கலையே" என்றார். அன்றே பெரிய வகையை நிறுத்தினேன். எல்லா டிக்கையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் வைத்திருப்பது போன்ற சின்ன சர்வீஸை எடுத்தேன், அனுப்பும் கடிதக் கணக்குக்குக் கட்டணம். ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வருடத்துக்கு நாலு கடிதம், எல்லோருக்கும் ஒரே கடிதம், எழுதுவது நான். பார்சல் போன தகவலைக் காதர் பாய் போனிலேயே சொல்லிவிடுகிறார். இது சரியான வகைதானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஆர்டர் கூடினால் மாற்ற வேண்டியிருக்கலாம். அப்போது முதலில் கட்டங்களைப் படிப்பேன்.

போன புதன்கிழமை காலை முதல் கடிதம் போனது. அதற்கு முன் மெஷினில் இருந்த பெண்களையும் காதர் பாயையும் கூப்பிட்டு, நவம்பரில் அந்த மெயிலை அனுப்பியது நான்தான், அருள் இல்லை என்று சொன்னேன். காதர் பாய் தலையைக்கூட நிமிர்த்தாமல், "தெரியும்க்கா. அன்னிக்குத் தம்பி ஊர்லயே இல்லையே" என்றார். எட்டு மாதமாக அவர்கள் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டே என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். உனக்குத் தவறாகத் தெரிந்திருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான், அவர்கள் ஒருநாளும் உன்னைச் சந்தேகப்படவில்லை. கடிதத்திலும் எழுதினேன். சுருங்கிய உள்துணி என் தேர்வு, அனுமதியின்றி முகவரிகளைக் காட்டியதும் நான், இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன், சுருங்கிய அங்கிகளை அனுப்பினால் உள்துணி மாற்றித் தருகிறோம் என்று. உன் அப்பா இரண்டு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தார்.

அனுப்பிய பிறகு அந்த சர்வீஸ் ஒரு பக்கம் காட்டுகிறது, யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று. முதலில் திறந்தது சவரி சாமியின் முகவரி. சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் திறந்துவிட்டார்கள். பதினோரு பேர் பதில் எழுதினார்கள், ஆர்டரை ரத்து செய்த அந்த சிஸ்டரும் அதில் ஒருவர். அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. பட்டியலிலிருந்து விலகியவர், ஒருவர். யாரென்று தொட்டுப் பார்த்தேன். உன் பெயர்.

உன்னை அதில் சேர்த்தது நான்தான். நீயும் படித்தால் நன்றாயிருக்கும் என்று, பட்டியலின் கடைசி வரியில் உன் ஆபீஸ் முகவரியைப் போட்டேன். விலகும்போது ஏன் என்று கேட்டு நாலு காரணங்கள் காட்டுவார்களாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நீ தேர்ந்தெடுத்தது, "இதில் சேர நான் சம்மதம் தரவில்லை." கோபத்தில் செய்தாயா, ஆபீஸ் மெயில்களை ஒழுங்கு செய்யும்போது யோசிக்காமல் தட்டிவிட்டாயா, கடிதத்தைப் படித்துவிட்டுச் செய்தாயா, படிக்காமலே செய்தாயா, எனக்கு எதுவும் புரியவில்லை. புதன்கிழமை அதைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அத்தனை பிரியமாக எந்த சர்வீஸ் என்று கேட்கிறாயே, அதுவும் புரியவில்லை. நாலு நாளாக அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று மட்டும் தெரிந்தது. அது உண்மை. பங்குப் பாடகர் குழுவில் உன்னைக் கேட்காமல் சேர்த்தேன், மூன்று வருடம் உதட்டை மட்டும் அசைத்தாய். அப்பா பிளான்ட்டில் இருந்ததால் மெக்கானிக்கல் என்று நானே உன் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதினேன். படிப்பு முடிந்ததும் கீழே ஒரு மேசை போட்டு, நாளையிலிருந்து வந்து உட்கார் என்றேன். நானூறு பேரையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பிள்ளையை ஒரு தடவைகூட நான் எதற்கும் கேட்டதில்லை.

அதனால் உன்னை மறுபடி நானாகச் சேர்க்கவில்லை. இந்தக் கடிதம் அந்த சர்வீஸ் வழியாக வரவில்லை. தபாலில் வருகிறது, உனக்கு மட்டும். இனி நான் உனக்கு எழுதலாமா அருள்? கடையைப் பற்றி வேண்டாம் என்றால் அதை விட்டுவிடுகிறேன். எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதையும் நீயே சொல். வேண்டாம் என்றால் அதையும் காரணத்தோடு எழுது. நாலு காரணத்தில் ஒன்றாக இல்லாமல், உன் சொந்தக் காரணமாக இருக்கட்டும். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

அம்மா